டெங்குக் காப்பை அளந்த வரலாறு

ஒருமுறை ஒரு நோய்க்கு ஆளாகி மீண்டவரை அந்நோய் மறுமுறை தீண்டாது என்பது நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்த உண்மை. அம்மை கண்டு மாறியவரே அம்மை கண்டவரின் அருகிலிருந்து பணிவிடை செய்யத் தக்கவர் என அவர்கள் கருதியமைக்கு இதுவே காரணம். பெரியம்மை, சின்னமுத்து முதலிய நோய்களைப் பொறுத்தவரை அவர்கள் கருத்தில் தவறில்லை. ஆனால், இன்று நம் நாட்டில் ஆண்டுதோறும் மழையோடு வந்து மனைதோறும் புகும் டெங்குக் காய்ச்சல் இப்பொதுவிதிக்கு அடங்குவதன்று. ஒருமுறை டெங்கு கண்டவருக்கு அது மறுமுறையும் வரலாம். அவ்வாறு வரும்போது முன்னையிலும் கொடிதாகவும் வரலாம். அவ்வாறாயின் ஒருவருடைய உடலிலே டெங்குக்கு எதிரான காப்பு இருக்கின்றதா, இல்லையா என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு விடைதேடிய அறிஞர்களின் வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். நான் மருத்துவம் பயின்றவனல்லன். கலைத்துறையில் பட்டம் பெற்றுப் பாடசாலையிற் பணிபுரிபவன். எனினும், மாணவரின் அறிவைப் புள்ளிகளால் அளக்கும் தொழிலில் நீண்டகாலம் ஈடுபட்டவன் என்ற வகையில், அளவை என்பது எத்துணை அருமையானது, எத்துணை ஆபத்தானது என்பதை ஓரளவு அறிவேன்.

முதலிற் சில அடிப்படைச் செய்திகள். நோய்க்கிருமி உடலிற் புகுந்ததும், அதனைப் பற்றிப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் நுண்பொருள்களை உடல் ஆக்கிக் கொள்கின்றது. இவற்றைப் பிறபொருளெதிரிகள் என்பர். நோய் தீர்ந்த பின்னும் இவை குருதியிலே நிலவும். குருதியை ஒரு குழாயில் எடுத்து உறையவிட்டால், மேலே வைக்கோல் நிறத்திலே ஒரு தெளிநீர் நிற்கும். அதுவே சீரம் எனப்படும். பிறபொருளெதிரிகள் இச்சீரத்திலேயே உள்ளன. ஆகவே காப்பை அளப்பது என்றால், இத்தெளிநீரின் ஆற்றலை அளப்பது என்பதே பொருள்.

டெங்கு பழைய நோய். 1780இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பரவிய ஒரு காய்ச்சலைப் பற்றி பெஞ்சமின் றஷ் என்னும் வைத்தியர் எழுதி, அதனை மக்கள் ‘எலும்பு முறிக்கும் காய்ச்சல்’ என வழங்கியதையும் குறித்து வைத்தார். அது டெங்குவே எனப் பலர் கருதுவர். 1906இல் அவுஸ்திரேலியாவில் தோமஸ் பான்கிறொவ்ற் இந்நோயை நுளம்பு பரப்புகின்றது என்பதற்குச் சான்று காட்டினார். அடுத்த ஆண்டிலே மணிலாவில் அமெரிக்கப் படை வைத்தியர்களான அஷ்பேண், கிறெயிக் ஆகிய இருவரும், பற்றீரியங்களைத் தடுத்து நிறுத்தும் வடியினூடாக நோயாளியின் குருதியைச் செலுத்தி, வடிந்து வந்த நீரும் நோயை உண்டாக்குவதைக் கண்டனர். நுணுக்குக்காட்டிக்கும் புலப்படாத ஒரு வைரசே காரணம் என்பது இதனால் விளங்கிற்று. ஆனால், அவ்வைரசை வளர்த்தற்குரிய பிராணி எதுவும் அன்று தெரிந்திலது. மனித உடலொன்றே சோதனைக்கூடம். ஒருவருக்குக் காப்பு உண்டா என அறிய வேண்டின், அவருக்கு மீண்டும் நோயை ஊட்டிப் பார்ப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. பசுபிக் தீவுகளிலே படையினர் டெங்குவால் ஆயிரக்கணக்கிற் படுக்கையில் வீழ்ந்தபோது, போரின் இருபுறத்தாரும் இந்நோயை ஆராயத் தலைப்பட்டனர். 1943இல் நாகசாக்கியில் நோய் பரவியபொழுது, ரென் கிமுறா, சுசுமு ஹொத்தா என்னும் யப்பானிய அறிஞர்கள் நோயாளியின் குருதியை எலிக்குஞ்சுகளின் மூளையிற் செலுத்தி வைரசைப் பிரித்தெடுத்தனர். அவர்கள் யப்பானிய மொழியில் எழுதிய செய்தி போர்க்கால இருளில் மறைந்து கிடந்தது. மேனாட்டார் அதனைப் பரவலாக அறிந்தது போரின் பின்னரே. மறுபுறத்தில், பின்னாளில் இளம்பிள்ளை வாதத்துக்கு வாய்வழி மருந்து கண்டு புகழ்பெற்ற அல்பேட் சேபின், ஹவாயிலும் நியூகினியிலும் இந்தியாவிலும் நோயுற்ற படையினரிடமிருந்து பெற்ற வைரசுகளை ஆராய்ந்தார்.

சேபின் கண்ட முடிவு இவ்வரலாற்றின் முதல் திருப்பம். தாமாக முன்வந்தோர்க்கு ஒருவகை வைரசைச் செலுத்தி நோய் தீர்ந்தபின், அதே வகையை மீண்டும் செலுத்தினார். பதினெட்டு மாதங்கள் கழிந்த பின்னும் நோய் வரவில்லை. ஆனால், ஹவாயின் வைரசால் நோயுற்றவருக்கு நியூகினியின் வைரசைச் செலுத்தியபோது, இரண்டு மூன்று மாதங்கள் வரையே முழுக்காப்பு நின்றது. அதன்பின் காப்பு தேய்ந்து, நோய் மீண்டும் பற்றியது. டெங்கு ஒன்றன்று, ஒன்றுக்கு மேற்பட்டது என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. அவையே முதலாம் வகை, இரண்டாம் வகை என இன்று வழங்குவன.

எலியில் வைரசு வளர்ந்தமையால் மனிதரை விடுத்து எலியைக் கொண்டு காப்பை அளக்கும் வழியும் பிறந்தது. சீரத்தையும் வைரசையும் கலந்து சிறிது நேரம் வைத்திருந்து, கலவையை எலிக்குஞ்சுகளின் மூளையிற் செலுத்துவர். சீரத்திலே தக்க பிறபொருளெதிரி இருப்பின் குஞ்சுகள் பிழைக்கும்; இல்லையேல் இறக்கும். இதுவே நடுநிலையாக்கற் சோதனையின் ஆதிவடிவம். ஒவ்வொரு சீரத்துக்கும் பல எலிக்குஞ்சுகள் வேண்டும். பல நாட்கள் காத்திருக்கவும் வேண்டும். ஓர் ஊரார் அனைவரின் குருதியையும் இவ்வழியில் ஆராய்வது இயலாத காரியமாயிற்று.

ஐம்பதுகளில் எளிய வழியொன்று கைகூடியது. டெங்கு வைரசு வாத்தினப் பறவையின் செங்குருதிக் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும். சிறு குழிகளில் அக்கலங்களை இட்டால் அவை இயல்பாக அடியிலே ஒரு பொட்டாகத் திரளும். வைரசு சேர்ந்தால் வலைபோலப் பரந்து படியும். அவற்றோடு பிறபொருளெதிரி உள்ள சீரத்தையும் சேர்த்தால், வைரசு அடங்கிவிட, மீண்டும் பொட்டே தோன்றும். சேபினும் அவர்தம் துணைவரும் தொடக்கிய இம்முறையை, டெலிபின் கிளாக், ஜோர்டி கசல்ஸ் ஆகிய இருவரும் 1958இல் செம்மைப்படுத்தி வெளியிட்டனர். உலகின் ஆய்வுகூடங்கள் பலவும் அதனைக் கைக்கொண்டன. அதன் பயன் பெரிது; குறையும் பெரிது. டெங்குவின் ஒருவகைக்கு எழுந்த பிறபொருளெதிரி, மற்றை வகைகளோடும், யப்பானிய மூளையழற்சி, மஞ்சட் காய்ச்சல் முதலிய உறவு வைரசுகளோடும் இச்சோதனையில் ஒட்டிக் காட்டியது. ‘இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன் இவ்வீட்டுக்கு வந்து போயிருக்கின்றான்’ என்று அது சொல்லும். வந்தவன் தமையனா தம்பியா என்று சொல்ல அறியாது.

இதனிடையே நோயின் முகம் மாறியது. 1953–54இலும் 1956இலும் மணிலாவிலும், 1958இல் பங்கொக்கிலும், குருதிக்கசிவும் அதிர்ச்சிநிலையும் கூடிய கொடிய காய்ச்சலாற் குழந்தைகள் இறந்தனர். மணிலாவில் ஆராய்ந்த வில்லியம் ஹமன் குழுவினர் டெங்குவின் மூன்றாம், நான்காம் வகைகளைக் கண்டு 1960இல் வெளியிட்டனர். நான்கு வகைகள் உள்ள நோயிலே எந்த வகைக்கு எவ்வளவு காப்பு என்று பிரித்தறியும் அளவை இனி இன்றியமையாததாயிற்று.

அவ்வளவை கிடைத்த கதை சுவையானது. பற்றீரியங்களை உண்ணும் வைரசுகள் பற்றீரியப் படையிலே துளைகளை உண்டாக்குவதை டெறெல் என்னும் அறிஞர் முதலாம் உலகப் போர்க்காலத்திலேயே எண்ணிக் காட்டியிருந்தார். அவ்வுத்தியை 1952இல் றெனாற்றோ டல்பெக்கோ விலங்கு வைரசுகளுக்குப் பொருத்தினார். 1967இல் பங்கொக்கில் பணியாற்றிய பிலிப் றஸ்ஸல், ஆனந்த நிசாலக் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் அதனை டெங்குவுக்கு உரியதாக்கினர். ‘துளைக் குறைப்பு நடுநிலையாக்கற் சோதனை’ என அதனை நாம் தமிழிற் கூறலாம்.

அச்சோதனை நிகழும் முறை இது. குரங்கின் சிறுநீரகக் கலங்களைத் தட்டிலே வளர்த்தால் அவை விரித்த பாய்போல ஒரே படையாகப் பரவும். அதன்மேல் வைரசை இட்டு, களிபோன்ற ஒரு பொருளால் மூடுவர். வைரசு புகுந்த கலம் மடியும். அதிலிருந்து வெளிப்படும் புதிய வைரசுகள் களியின் தடையால் தொலைவு செல்லமாட்டாமல் அண்டைக் கலங்களையே அழிக்கும். சில நாட்களின் பின் சாயமிட்டால் உயிருள்ள கலங்கள் நிறமேறும். மடிந்த இடங்களோ பாயிலே கறையான் அரித்த துளைகள்போல வெறுமையாகத் தெரியும். இனி, சீரத்தை 10 மடங்கு, 40 மடங்கு, 160 மடங்கு எனப் படிப்படியாக ஐதாக்கி, ஒவ்வொன்றையும் ஒரே அளவு வைரசோடு கலந்து தனித்தனித் தட்டுகளில் இடுவர். சீரமில்லாத தட்டிலே 60 துளைகள் தோன்றின எனக் கொள்வோம். 160 மடங்கு ஐதாக்கிய சீரம் அவற்றை 30 ஆகக் குறைத்தால், அதாவது சரிபாதியாக்கினால், அச்சீரத்தின் வன்மை 160 எனக் குறிப்பர். நான்கு வகை வைரசுகளையும் வேறுவேறாக இட்டுப் பார்ப்பதால், ஒருவருக்கு நான்கு எண்கள் கிடைக்கும். ஆட்பரீட்சை, எலிப்பரீட்சை யாவற்றையும் கடந்து, காப்பு என்பது ஓர் எண்ணாகிவிட்டது. இதுவே தலைசிறந்த அளவை எனப் பின்வந்தோர் போற்றினர். 2007இல் உலக சுகாதார நிறுவனமும் இச்சோதனைக்கு நெறிமுறைகள் வகுத்து வெளியிட்டது.

எண் கிடைத்தது. அதன் பொருள் என்ன என்பதே இனி எழுந்த சிக்கல்.

பங்கொக்கில் அறுபதுகளிற் பணியாற்றிய ஸ்கொற் ஹோல்ஸ்ரெட் விந்தையான ஒன்றைக் கவனித்தார். கொடிய டெங்கு இரு திறத்தாரிடம் மிகுந்திருந்தது. ஒரு திறத்தார், முன்னர் வேறொரு வகையால் நோயுற்ற பிள்ளைகள். மறு திறத்தார், ஒருமுறையும் நோயுறாத, ஒரு வயதும் நிரம்பாத சிசுக்கள். அச்சிசுக்களின் தாய்மார் முன்னர் டெங்கு கண்டவர்கள். இவ்விரு திறத்தார்க்கும் பொதுவானது யாது? குருதியிலே பிறபொருளெதிரி இருந்தமையே. காக்க வேண்டிய பொருளே காட்டிக்கொடுக்கின்றதா? டெங்குவின் உறவு வைரசுகளில் இத்தகைய விளைவை அவுஸ்திரேலிய அறிஞர் ஹோக்ஸ் 1964இலேயே கண்டிருந்தார். 1977இல் ஹோல்ஸ்ரெட்டும் அவர்தம் துணைவர் ஓ’றூர்க்கும் டெங்குவிலும் அது நிகழ்வதை ஆய்வுகூடத்திற் காட்டினர். போதிய அளவிற் பற்றாத பிறபொருளெதிரி வைரசைக் கொல்லாது. அதனைச் சுமந்து, கிருமிகளை விழுங்கும் வெண்கலங்களின் வாயிலுட் கொண்டுபோய் விடும். உள்ளே சென்ற வைரசு அங்கே பெருகும். 1988இல் பங்கொக் ஆய்வொன்று, பிறப்பின்போது தாய்மாரின் சீரத்தில் இருந்த எண்ணுக்கும், அவர்தம் சிசுக்கள் கொடிய டெங்குவுக்கு ஆளான வயதுக்கும் தொடர்பு இருந்ததைக் காட்டிற்று. தாய் தந்த காப்பு வலிதாயிருந்த மாதங்களிற் குழந்தை பிழைத்தது. அது தேய்ந்து அரைகுறையான மாதங்களிலே அதுவே ஆபத்தாயிற்று.

கியூபா நாட்டின் வரலாறும் இதற்குச் சான்று பகர்ந்தது. அங்கு 1977இல் முதலாம் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 344,203 பேர் நோயுற்று 158 பேர் இறந்தனர். 1997இல் சந்தியாகோ நகரில் இரண்டாம் வகை மீண்டும் தோன்றியபோது, இருபது ஆண்டுகளின் முன் முதலாம் வகை கண்ட வளர்ந்தோரே பெரும்பாலும் கடும்நோய்க்கு ஆளாயினர்.

நம் இலங்கையின் செய்தியையும் இங்கே நினைவுகூர்தல் தகும். 1962இல் இந்நாட்டில் டெங்கு இருப்பது குருதிச் சோதனையால் உறுதிப்பட்டது. 1965–66இற் கொடிய நோய் சிலரிடம் காணப்பட்டது. அதன்பின் நான்கு வகைகளும் இங்கு உலாவின; பாடசாலைப் பிள்ளைகள் பலரின் சீரத்திலே பிறபொருளெதிரிகள் இருந்தன. ஆயினும் 1989இலேயே கொடிய டெங்கு பெருவாரியாக எழுந்தது. மூன்றாம் வகையிற் புதியதொரு கிளை அக்காலத்தே தோன்றியதை அறிஞர் பின்னர் காட்டினர். பிறபொருளெதிரிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவருக்கு அவ்வெழுச்சி முன்னறிவிப்பின்றியே வந்திருக்கும். 2017இல் 186,101 பேர் இங்கு நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது.

இவ்வளவு அறிந்த பின்னும், தடுப்பூசி ஆக்கியபோது உலகம் அந்த எண்ணையே பெரிதும் நம்பிற்று. நான்கு வகைகளுக்கும் எதிராகச் செய்யப்பட்ட டெங்வக்சியா என்னும் ஊசி தாய்லாந்தின் ராச்சபுரியில் 4,002 பிள்ளைகளிடம் சோதிக்கப்பட்டு, அதன் முடிவு 2012இல் வெளிவந்தது. ஊசி பெற்ற பிள்ளைகளின் சீரத்தில் நான்கு வகைக்கும் பிறபொருளெதிரிகள் எழுந்திருந்தன. இரண்டாம் வகைக்கும் நல்ல எண்களே கிடைத்தன. ஆனால், நோயைத் தடுத்த அளவு நூற்றுக்கு 30 மட்டுமே. இரண்டாம் வகையைப் பொறுத்தவரை காப்பு ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

எண் எவ்வாறு பொய்த்தது? காரணங்கள் பல. துளைகளை எண்ணும் தட்டிலே உள்ள சிறுநீரகக் கலங்களில், பிறபொருளெதிரியைப் பற்றி உள்ளிழுக்கும் அந்த வாயில் இல்லை. ஆதலால் பிறபொருளெதிரியின் தீங்கு அத்தட்டிலே ஒருபோதும் தோன்றாது. நன்மை ஒன்றே தோன்றும். மற்றொரு காரணத்தை வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் அரவிந்த டி சில்வா குழுவினர் ஒரு நுட்பமான முறையால் விளக்கினர். ஒருவகை வைரசு பூசிய நுண்மணிகளைச் சீரத்தில் இட்டு, அவ்வகையோடு ஒட்டுவன யாவற்றையும் அகற்றிவிட்டு, எஞ்சியதன் வன்மையை அளந்தனர். இவ்வூசி பெற்றோரிடம் நான்காம் வகைக்கே தனக்கென்று உரிய பிறபொருளெதிரி செவ்வையாக எழுந்திருந்தது. பிறவகைகளுக்குக் காணப்பட்ட எண்களிற் பெரும்பகுதி பொதுவாக ஒட்டுவனவற்றால் வந்த கடன். அயலிலிருந்த மாணவனைப் பார்த்தெழுதிப் பெற்ற புள்ளியைப் போன்றது அது. விடைத்தாளிலே அது உண்மையான புள்ளியாகவே தோன்றும்; வாழ்க்கையில் அந்த வினா எதிர்ப்படும்போதே குட்டு வெளிப்படும்.

அந்தக் குட்டு பிலிப்பைன் நாட்டிலே வெளிப்பட்டது. 2016 ஏப்பிரலில் அங்கு பாடசாலைப் பிள்ளைகளுக்கு இவ்வூசி இடும் திட்டம் தொடங்கி, 8 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஊசி பெற்றனர். முன்னர் டெங்கு காணாத பிள்ளைக்கு இவ்வூசியே முதல் நோய்போல் அமைந்து, பின்வரும் உண்மையான நோயைக் கடுமையாக்குமோ என்ற ஐயம் அறிஞர் சிலருக்கு இருந்தது. அதனைத் தீர்க்க, ஊசிக்கு முன் ஒவ்வொரு பிள்ளையின் குருதியும் ஆராயப்பட்டிருக்க வேண்டும். பெரும் பரீட்சார்த்தங்களிலே பங்குகொண்ட முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளில் ஒரு சிறுபகுதியினரிடமே ஊசிக்கு முன் குருதி எடுத்து வைக்கப்பட்டிருந்தது. எஞ்சியோரிடம் ஊசிகள் முடிந்த பின் எடுத்த குருதியே இருந்தது. அதிலே உள்ள பிறபொருளெதிரி ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா?

இம்முடிச்சை அவிழ்த்தது மற்றோர் அளவை. டெங்கு வைரசு பெருகும்போது என்.எஸ்.1 என்னும் ஒரு புரதத்தை உண்டாக்கும். இவ்வூசியோ மஞ்சட் காய்ச்சல் ஊசிவைரசின் உடலிலே டெங்குவின் மேலுறையைப் போர்த்துச் செய்யப்பட்டது. அதனிடம் டெங்குவின் என்.எஸ்.1 இல்லை. எனவே அப்புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி காணப்படின், அப்பிள்ளை முன்னரே இயற்கையாக டெங்கு கண்டது எனப் பெரும்பாலும் துணியலாம். சேமித்து வைத்த குருதிகளை இவ்வாறு ஆராய்ந்தபோது ஐயம் உறுதியாயிற்று. முன்னர் நோய் கண்டோரை ஊசி காத்தது. காணாதோரிடம் கடும்நோயின் வாய்ப்பை அது கூட்டியது. 2017 நவம்பர் 29ஆந் திகதி ஊசியை ஆக்கிய நிறுவனமே இதனை அறிவித்தது, திட்டம் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளின் மரணங்கள் பற்றி எழுந்த குற்றச்சாட்டுகள் யாவும் மெய்ப்பிக்கப்பட்டன என்று சொல்வதற்கில்லை. ஆனால் நம்பிக்கை மாண்டது. தடுப்பூசி இன்றியமையாதது என உறுதியாக ஒப்பியவர் அந்நாட்டில் 2015இல் நூற்றுக்கு 93 பேர்; 2018இல் அவர் தொகை 32 ஆகக் குறைந்தது. 2019இல் அங்கு சின்னமுத்து பெருவாரியாகப் பரவியதற்கு இந்நம்பிக்கையிழப்பும் ஒரு காரணம் எனக் கருதப்படுகின்றது. தவறாக வாசிக்கப்பட்ட ஓர் எண்ணின் விலை இது.

அதே 2017ஆம் ஆண்டில், நிக்கராகுவா நாட்டின் மனாகுவா நகரிற் பல்லாண்டுகளாக ஆண்டுதோறும் பிள்ளைகளின் குருதியை எடுத்து ஆராய்ந்த கற்செல்னிக் முதலியோர் தம் முடிவை வெளியிட்டனர். பிறபொருளெதிரி அறவே இல்லாத பிள்ளையிலும், மிகுதியாக உள்ள பிள்ளையிலும், இடைத்தரமாக உள்ள பிள்ளையே கொடிய டெங்குவுக்கு அதிகம் ஆளாயிற்று. அவர்களது அளவையில் 21 முதல் 80 வரையான எண்கள் அந்த அபாயவெளியாகும். கிணற்றைத் தாண்டாமல் நின்றவன் கரையிலிருக்கின்றான்; முற்றத் தாண்டியவனும் கரையிலிருக்கின்றான்; அரைக்கிணறு தாண்டியவனே வீழ்கின்றான்.

இன்று வெண்கலங்களின் வாயிலைத் தாங்கிய கலங்களைக் கொண்டும் சோதனைகள் செய்கின்றனர். காப்பும் தீங்கும் ஒருங்கே தோன்ற அவை இடமளிக்கின்றன. 2022இல் இந்தோனேசியா முதலில் அனுமதித்த கியூடெங்கா என்னும் ஊசியை மதிப்பிட்டபோது, பிள்ளைகளின் குருதி ஊசிக்கு முன்னரே எடுக்கப்பட்டது. பட்டறிவு வீண்போகவில்லை. எனினும், ‘இந்த எண்ணுக்கு மேல் இருந்தால் அச்சமில்லை’ என நான்கு வகைக்கும் பொருந்தக் கூறவல்ல எல்லைக்கோடு இன்னும் நாட்டப்படவில்லை.

நேயர்கள் ஒன்றை மனங்கொள்ளுதல் நலம். காய்ச்சலின்போது வைத்தியசாலையிலே செய்யப்படும் டெங்குச் சோதனை நோயை அறிவதற்கானது. அத்தாளிலே ஐ.ஜி.ஜி. என்னும் பிறபொருளெதிரி உண்டெனக் குறிக்கப்பட்டிருப்பின், ‘எனக்கு முன்னமே வந்துவிட்டது, இனி வராது’ என மகிழ்வதற்கு அதில் ஆதாரமில்லை. அடுத்த காய்ச்சலின்போது விரைந்து வைத்தியரை நாட வேண்டியவர் அவர் என்பதே அதன் பொருள்.

பாடசாலையிலே ஒரு மாணவனின் புள்ளியைக் கண்டதும் நாம் அவனை அறிந்துவிட்டதாக எண்ணுகின்றோம். வினாத்தாள் எதனைக் கேட்டது, எதனைக் கேளாமல் விட்டது என்று வினவுவதில்லை. டெங்குவை ஆராய்ந்தோர் எலிக்குஞ்சிலிருந்து நுண்மணி வரை எண்பது ஆண்டுகள் நடந்து கற்ற பாடமும் அதுவே. அவர்கள் அளவையைக் கைவிடவில்லை. அளவை பொய்த்தபோதெல்லாம் அது எங்கே பொய்த்தது என்று தேடி, அதனினும் நுண்ணிய அளவையைச் செய்தனர். அத்தேட்டம் முடியும்வரை, வீட்டைச் சூழ்ந்து கிடக்கும் சிரட்டையையும் பழைய சக்கரத்தையும் கவிழ்த்து நீரை ஊற்றிவிடுதலே எவரும் பிழையின்றிச் செய்யக்கூடிய காப்பாகும்.